கோழி எருவைக் கூட்டெருவாக்குவோம்

இடம்பெயர்ந்த ஒரு கமக்காரக் குடும்பம் இழந்தவற்றைக் கணக்கெடுக்கும்போது வீடு, கிணறு, உழவு இயந்திரம், நீர் இறைக்கும் இயந்திரம் என்பவற்றையே நாம் எழுதிக்கொள்கிறோம். படிவங்களில் அவற்றுக்குத்தான் இடம் உண்டு. ஆனால் அந்தப் பட்டியலில் வராத ஓர் இழப்பும் உண்டு. அதுதான் மாட்டுப்பட்டியும் அதன் பின்புறத்தில் இருந்த எருக்குவியலும். ஆண்டாண்டாக அந்தக் குவியலே தோட்டத்து மண்ணுக்குச் சோறு போட்டது. மாடுகள் போனபின் மண் பட்டினி கிடக்கிறது. பட்டினி கிடக்கும் மண் நமக்கு எதனைத் தரும்?

இரவல் காணியிலோ கால் ஏக்கர் குடியிருப்புக் காணியிலோ வாழும் குடும்பத்தால் மீண்டும் 10 மாடுகளை வளர்க்க முடியாது. மேய்ச்சல் தரையும் இல்லை. ஆனால் 10 கோழிகளை வளர்க்கலாம். பெரும்பாலான வீடுகளில் இப்போதும் 5, 6 கோழிகளாவது நிற்கின்றன. முட்டையை எண்ணுகிற நாம் கோழிக்கூட்டின் அடியில் விழுவதை எண்ணுவதில்லை. அதனைக் கூட்டித் தெருவோரத்தில் கொட்டுவோர் உண்டு. அப்படியே அள்ளிக் கன்றின் அடியில் இடுவோரும் உண்டு. முதலாவது வீண் செலவு. இரண்டாவது ஆபத்து. இந்த இரண்டுக்கும் இடையில் உள்ள நல்ல வழியை இக்கட்டுரையில் விளக்க விரும்புகிறோம்.

எமது தவறு ஒன்று

பிறருக்குப் புத்தி சொல்லுமுன் எமது தவறைச் சொல்லிவிடுவது நல்லது. 2011 ஆம் ஆண்டில் வன்னியில் மீளக்குடியேறிய ஒரு கிராமத்தில் வீட்டுத்தோட்ட வேலை தொடங்கினோம். பசளை வாங்க மக்களிடம் பணமில்லை. ஆகவே ஒரு கோழிப் பண்ணையிலிருந்து உழவு இயந்திரப் பெட்டி நிறையக் கோழி எரு ஏற்றி வந்து வீட்டுக்கு 4 பை வீதம் கொடுத்தோம். எரு ஈரமாக இருந்தது. கண்ணை எரிக்கும் நெடி வீசியது. “நல்ல காரமான எரு” என்று நாமே சொன்னோம். மக்கள் அதனைப் பாத்தியில் கொத்திக் கலந்து, நாலைந்து நாளில் மிளகாய், கத்தரிக் கன்றுகளை நட்டார்கள்.

ஒரு கிழமைக்குள் கன்றுகள் வாடின. இலை ஓரங்கள் தீயில் வாட்டியது போலக் கருகின. பிடுங்கிப் பார்த்தால் வேர் நுனிகள் கபில நிறமாகிச் செத்திருந்தன. “பாதர், நீங்கள் தந்த எருவைத்தானே போட்டனாங்கள்” என்று ஒரு தாய் கேட்டபோது எம்மிடம் பதில் இருக்கவில்லை. நாற்றுக்கும் நீருக்கும் அந்தக் குடும்பங்கள் செலவிட்ட உழைப்பு அந்தப் போகத்தில் வீணாயிற்று.

அந்தக் கிராமத்தில் ஒரேயொரு வளவில் மட்டும் அந்த எரு நன்மை செய்தது. அந்த வீட்டு அம்மாவுக்கு முழங்கால் வருத்தம். அந்த மாதம் பாத்தி கொத்த முடியவில்லை. எனவே 4 பையையும் வளவின் மூலையில் சருகோடு சேர்த்துக் கொட்டி, பழைய தறப்பாளால் மூடி வைத்திருந்தார். தை மாதத்தில் கிளறியபோது நெடியில்லாத கறுப்பு மண்ணாக அது மாறியிருந்தது. அதில் நட்ட பூசணியும் பயற்றங்கொடியும் செழித்தன. “எங்கட அப்பு ஆட்டெருவைக்கூட ஒரு மாரி நனைய விட்டுத்தான் தோட்டத்துக்குப் போடுவார்” என்றார் அவர். எருவை ஏற்றிக் கொண்டு போகுமுன் அவரிடம் நாம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. அதனால் வந்த நட்டத்தை மக்களே சுமந்தார்கள்.

பச்சைக் கோழி எரு ஏன் சுடுகிறது?

மாடு சாணத்தையும் சலத்தையும் தனித்தனியே கழிக்கிறது. கோழிக்கு இரண்டுக்கும் ஒரே வழிதான். கோழி எச்சத்தில் காணப்படும் வெள்ளைப் பகுதியே அதன் சலம். அது யூரிக் அமிலம் என்னும் பொருள். இதில் நைதரசன் நிறைய உண்டு. ஈரமும் பற்றீரியாக்களும் சேர்ந்தவுடன் யூரிக் அமிலம் யூரியாவாகவும், பின்பு அமோனியா வாயுவாகவும் மாறுகிறது. கோழிக்கூட்டில் மூக்கை அரிக்கும் நெடி இந்த அமோனியாவினுடையது. மண்ணுக்குள் அமோனியா செறிந்தால் இளம் வேர் கருகும். எருவில் உள்ள உப்பும் வேரிலிருந்து நீரை வெளியே இழுக்கும். பக்கத்தில் நீர் இருந்தும் கன்று வாடுவதற்கு இதுவே காரணம்.

ஆகவே பயிரைக் கருக்குவதும் வளர்ப்பதும் ஒரே நைதரசன்தான். பச்சை மாட்டுச் சாணம் 100 கிலோவில் ஏறத்தாழ அரைக் கிலோ நைதரசன் உண்டு. பச்சைக் கோழி எரு 100 கிலோவில் 1 முதல் 1½ கிலோ வரை இருக்கும். பொசுபரசும் மாட்டெருவிலும் பார்க்கக் கூடுதல். இந்தப் பலத்தை அடக்கி, பயிர் தாங்கும் அளவில் மெல்ல மெல்ல விடச் செய்வதே கூட்டெருவாக்கலின் நோக்கம்.

வேறு இரண்டு காரணங்களும் உண்டு. முதலாவது, கோழி எச்சத்தில் சல்மொனெல்லா போன்ற நோய்க் கிருமிகள் இருக்கலாம். பச்சை எரு இட்ட பாத்தியில் வல்லாரை, கீரை போன்றவற்றைப் பிடுங்கிப் பச்சையாகச் சம்பல் போட்டு உண்டால் அக்கிருமிகள் வயிற்றுக்குள் போகும். அமெரிக்காவின் சேதனப் பயிர்ச்செய்கை விதிகளின்படி, பச்சை எரு இட்டு 120 நாட்கள் கழியாமல் மண்ணில் முட்டும் காய்கறியை அறுவடை செய்யக்கூடாது. நமது கீரை ஒரு மாதத்தில் பிடுங்கப்படுகிறது என்பதை எண்ணிப் பாருங்கள்.

இரண்டாவது, நமது கிணறு. யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடியில் இருப்பது வெடிப்புகளும் துவாரங்களும் நிறைந்த சுண்ணாம்புக்கல். மேலே இடும் பசளையும் எருவும் மழைநீரோடு விரைவாகக் கீழே இறங்கிக் கிணற்று நீரில் நைத்திரேற்றாகச் சேர்கின்றன. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் பலவற்றில் இவ்வெல்லை தாண்டப்பட்டுள்ளதை ஆய்வுகள் காட்டியுள்ளன. அத்தகைய நீரில் பால்மா கரைத்துக் கொடுக்கப்படும் கைக்குழந்தையின் குருதி ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் போகலாம். குழந்தை நீலம் பாரிக்கும். கொதிக்க வைப்பதால் நைத்திரேற்று நீங்காது. எனவே எருவை எங்கே குவிக்கிறோம், எவ்வளவு இடுகிறோம் என்பது அயலவர் குழந்தையின் உயிரோடும் சம்பந்தப்பட்டது.

குவியலுக்குள் என்ன நடக்கிறது?

கூட்டெருவை ஆக்குவது நாமல்ல. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களே ஆக்குகின்றன. அவற்றுக்கு உணவு, காற்று, ஈரம் ஆகிய மூன்றையும் சரியாகக் கொடுப்பதே நமது வேலை. அவற்றின் உணவில் இரண்டு பங்கு உண்டு. வேலை செய்யச் சக்தி தருவது காபன். உடலைக் கட்டுவது நைதரசன். ஏறத்தாழ 25 முதல் 30 பங்கு காபனுக்கு 1 பங்கு நைதரசன் இருந்தால் நுண்ணுயிர்கள் நன்கு பெருகும். தனிக் கோழி எருவில் 1 பங்கு நைதரசனுக்கு 10 பங்கு அளவுக்குத்தான் காபன் உண்டு. மீதி நைதரசன் அமோனியாவாகக் காற்றில் போய்விடும். வைக்கோலிலோ நைதரசன் 1 பங்குக்குக் காபன் 80 பங்கு வரை உண்டு. இரண்டையும் சேர்த்தால் ஒன்றின் குறையை மற்றது நிரப்பும்.

சாதாரணக் கூட்டெருவுக்குக் கிளிசரிடியா, பூவரசு முதலிய பச்சை இலைகளைச் சேர்க்கும்படி கூறுவது வழக்கம். கோழி எரு இருக்கும்போது பச்சை இலை கட்டாயமில்லை. நமக்குக் கூடுதலாக வேண்டியது காய்ந்த பொருளே.

தேவையான பொருட்கள்

கோழி எரு: 4 அடி நீளம், 4 அடி அகலம், 4 அடி உயரமான ஒரு குவியலுக்கு ஏறத்தாழ 200 கிலோ வேண்டும். கூட்டில் அடைத்து வளர்க்கும் முட்டைக்கோழி ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 100 கிராம் எச்சமிடும். எனவே இது 10 கோழிகளின் ஆறு மாத எரு எனலாம். பகலில் மேய்ந்து திரியும் ஊர்க்கோழியாயின் இராக்கூட்டில் விழுவது மாத்திரமே கிடைக்கும். அப்போது மூன்று நான்கு வீட்டார் சேர்ந்து ஒரு குவியல் இடலாம். சேர்க்கும் காலத்தில் எருவை மழையில் நனைய விடக்கூடாது. கூட்டின் அடியில் சருகோ உமியோ பரப்பி வைத்தால் ஈரம் உறிஞ்சப்படும். நெடியும் குறையும்.

காய்ந்த பொருட்கள்: வைக்கோல், உதிர்ந்த சருகு, காய்ந்த வாழைமடல், சோளத்தட்டை, நிலக்கடலைக் கொடி, பழைய கிடுகு ஆகியவை நல்லவை. நீளமானவற்றை அரை அடித் துண்டுகளாக வெட்டிக்கொள்க. உமியும் மரத்தூளும் உக்க நெடுநாள் எடுக்கும். கோழிக்கூட்டில் ஏற்கெனவே உள்ளவை போதும்.

இன்னும் ஒன்று. சருகு கூட்டவும் மண் வெட்டவும் கண்ணிவெடி அகற்றப்பட்டதாக அறிவிக்கப்பட்ட இடங்களுக்கு மட்டும் செல்லுங்கள். பற்றைக் காணிக்குள் சிறுவரை அனுப்பவே வேண்டாம். ஒரு கடகம் சருகுக்காக ஒரு காலை இழக்கக்கூடாது.

சேர்க்கக் கூடாதவை: நோயால் செத்த கோழி, நோய் வந்த கூட்டின் எரு, இறைச்சி, மீன் கழிவு, பொலித்தீன், பூத்த அல்லது விதை பிடித்த பார்த்தீனியச் செடி. சாம்பலும் சுண்ணாம்பும் கூடாது. அடுப்புச் சாம்பலை எருவோடு கொட்டுவது நமது வழக்கம். ஆனால் சாம்பல் காரத்தன்மை உடையது. கோழி எருவோடு சேர்ந்தவுடன் அது நைதரசனை அமோனியாவாகத் துரத்திவிடும். சாம்பலைத் தனியே வைத்திருந்து பின்பு வாழைக்கோ பூசணிக்கோ அளவாக இடுங்கள்.

இடம் தெரிதல்

கிணற்றிலிருந்து இயன்றால் 100 அடி, எப்படியும் 50 அடிக்குக் குறையாத தூரத்தில், கிணற்றிலும் தாழ்ந்த பக்கத்தில் இடத்தைத் தெரிவு செய்யுங்கள். அயலவரின் கிணறும் இதில் அடங்கும். வெள்ளம் நிற்கும் இடம் ஆகாது. மர நிழல் நல்லது. குழி வெட்ட வேண்டாம். குழியில் காற்று குறையும், மாரியில் நீர் தேங்கும், கழிவு நீர் நேரே நிலத்துக்குள் இறங்கும். நிலத்தின் மேல் குவிப்பதே கோழி எருவுக்கு ஏற்றது. சுண்ணாம்புக்கல் மேலே தெரியும் இடங்களில் களிமண்ணை அரை அடிக்குப் பரப்பி, அடித்து இறுக்கிய பின் அதன்மேல் குவியுங்கள்.

குவிக்கும் முறை

1. அடியில் தடியும் சுள்ளியும் குறுக்கும் நெடுக்குமாக அரை அடி உயரத்துக்குப் பரப்புங்கள். கீழிருந்து காற்றுப் போவதற்கு இது உதவும்.

2. அதன்மேல் காய்ந்த பொருளை 6 அங்குலம் பரப்பி, லேசாக மிதித்து, நீர் தெளியுங்கள்.

3. அதன்மேல் கோழி எருவை 2 அங்குலம் பரப்புங்கள். கடகக் கணக்கில் சொன்னால் எரு 1 கடகத்துக்குக் காய்ந்த பொருள் 3 கடகம். உமியோ மரத்தூளோ கலந்த ஆழ்கூள எருவாயின் 1 கடகத்துக்கு 1 முதல் 2 கடகம் போதும்.

4. ஒரு பிடி தோட்ட மண்ணையோ பழைய கூட்டெருவையோ தூவுங்கள். அதில் வேலைக்காரர் நிறைய இருக்கிறார்கள்.

5. இவ்வாறு ஆறு அடுக்கு இட்டால் 4 அடி உயரம் வரும். மேலே காய்ந்த பொருளே இருக்கட்டும். எரு வெளியே தெரிந்தால் இலையான் மொய்க்கும்.

6. கிடுகால் அல்லது பழைய தறப்பாளால் மூடுங்கள். தறப்பாளாயின் இறுகப் போர்த்தாமல் நாலு தடி நட்டுக் கூரைபோலக் கட்டுங்கள். மழையைத் தடுப்பதே நோக்கம். காற்றைத் தடுப்பதல்ல. முகாமில் நமக்குக் கூரையாக இருந்த தறப்பாளுக்கு இப்படியும் ஒரு பயன் உண்டு.

ஈரலிப்பை அறிய ஒரு பிடி எடுத்துப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஓரிரு சொட்டு நீர் கசிந்தால் சரி. ஒழுகினால் ஈரம் கூடிவிட்டது. கை நனையாவிட்டால் போதாது.

சூடும் புரட்டலும்

மூன்று நான்கு நாட்களில் குவியல் சூடாகும். உள்ளே 55 முதல் 65 பாகை செல்சியஸ் வரை வெப்பம் ஏறலாம். இந்தச் சூட்டில்தான் நோய்க் கிருமிகளும் களை விதைகளும் சாகின்றன. வெப்பமானி தேவையில்லை. ஓர் இரும்புக் கம்பியைக் குவியலின் நடுவுக்குச் செலுத்தி 10 நிமிடம் கழித்து இழுத்துத் தொட்டுப் பாருங்கள். பிடித்திருக்க முடியாத சூடாயின் வேலை நன்றாக நடக்கிறது.

சூடு நடுவில் மட்டுமே இருக்கும். ஓரத்தில் உள்ள எரு வேகாது. எனவே ஏழாம் நாள் குவியலைப் புரட்டுங்கள். ஓரத்தில் இருந்தது நடுவுக்கும் நடுவில் இருந்தது ஓரத்துக்கும் வரவேண்டும். காய்ந்திருந்தால் நீர் தெளியுங்கள். இவ்வாறு கிழமைக்கு ஒரு தடவையாக 5 தடவை புரட்ட வேண்டும். இதில் கள்ளம் விட்டால் ஓரத்துக் கிருமி சாகாமலே தோட்டத்துக்குப் போகும்.

புரட்டும்போது கொழுத்த வெள்ளைப் புழுக்களைக் காணலாம். தென்னையைத் தாக்கும் கருவண்டின் புழுக்கள் எருக்குவியலில் வளர்வதுண்டு. அவற்றைப் பொறுக்கிக் கோழிக்குப் போடுங்கள். தென்னை பிழைக்கும், கோழியும் கொழுக்கும்.

ஏறத்தாழ ஆறு கிழமையில் சூடு தணிந்துவிடும். நிறமும் மாறியிருக்கும். “இனி இடலாம்தானே” என்று கை பரபரக்கும். ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுக்க வேண்டாமா? இன்னும் ஆறு கிழமை அப்படியே மூடி வையுங்கள். மீதி அமோனியா அடங்குவதும் மண்புழு வந்து சேர்வதும் இந்த ஆறும் காலத்தில்தான். மொத்தம் மூன்று மாதம்.

குவியல் சொல்லும் குறைகள்

அமோனியா நெடி அடித்தால் எரு கூடிவிட்டது. காய்ந்த பொருள் சேர்த்துப் புரட்டுங்கள்.

அழுகிய முட்டை நாற்றம் வந்தால் நீர் கூடிக் காற்று குறைந்துவிட்டது. பிரித்து, ஒரு நாள் காற்றாட விட்டு, சருகு சேர்த்துக் குவியுங்கள்.

சூடே ஏறாவிட்டால் குவியல் சிறிது, அல்லது காய்ந்துவிட்டது. ஒவ்வொரு பக்கமும் 3 அடியாவது இல்லாத குவியலில் சூடு தங்காது.

உள்ளே சாம்பல் பூத்ததுபோல வெள்ளை படிந்து காய்ந்திருந்தால் சூடு கூடி ஈரம் போய்விட்டது. நீர் தெளித்துப் புரட்டுங்கள்.

ஆயத்தமாகிவிட்டதா?

நல்ல கூட்டெரு கருங்கபில நிறமாக, உதிரியாக, முதல் மழையில் எழும் மண் வாசனையோடு இருக்கும். எச்சத்தின் உருவம் தெரியாது. குவியல் பாதியளவாகக் குறைந்திருக்கும். ஐயம் இருந்தால் இரண்டு சிரட்டை எடுங்கள். ஒன்றில் மண் மட்டும், மற்றதில் பாதி மண் பாதி கூட்டெரு. இரண்டிலும் 10 பயறு வீதம் ஊன்றுங்கள். ஒரு கிழமையில் இரண்டிலும் ஒரே மாதிரி முளைத்தால் கூட்டெரு ஆயத்தம். கூட்டெருச் சிரட்டையில் முளை குறைந்தாலோ நுனி கருகினாலோ இன்னும் இரண்டு மூன்று கிழமை பொறுங்கள். 10 பயறு நட்டமாவது ஒரு பாத்திக் கன்று நட்டமாவதிலும் மேலல்லவா?

எவ்வளவு இடுவது?

10 அடி நீளமும் 3 அடி அகலமும் உள்ள பாத்திக்கு 4 முதல் 5 கிலோ போதும். மேல் மண்ணோடு அரை அடி ஆழத்துக்குக் கலந்து, நீர் விட்டு, பின்பு நடுங்கள். கத்தரி, மிளகாய், தக்காளி நடும் குழிக்கு இரண்டு கைப்பிடி அளவு. தண்டில் முட்டாமல் மண்ணோடு கலக்க வேண்டும். பூக்கத் தொடங்கும்போது செடியைச் சுற்றி ஒரு கைப்பிடி மேலதிகமாக இட்டு மண் அணைக்கலாம். பயற்றை, அவரை வகைக்குப் பாதி போதும். அவை தமக்கு வேண்டிய நைதரசனைக் காற்றிலிருந்தும் எடுத்துக்கொள்கின்றன. கூடுதலாக இட்டால் இலை தழைக்கும், காய் குறையும். பூச்சியும் தேடி வரும்.

மன்னார், முல்லைத்தீவுக் கரையோர மணல் நிலங்களில் ஒரேயடியாக இடாதீர்கள். மணல் பிடித்து வைக்காது. மழை கழுவிக் கிணற்றுக்குக் கொண்டு போய்விடும். அதே அளவை இரண்டு மூன்றாகப் பிரித்து இடுங்கள்.

இந்தக் கூட்டெரு எல்லாத் தேவைக்கும் போதும் என்று நாம் கூறமாட்டோம். ஒரு 50 கிலோ யூரியாப் பையில் 23 கிலோ நைதரசன் உண்டு. 10 கோழியின் ஓராண்டு எருவில் 4 முதல் 6 கிலோ இருக்கலாம். அதிலும் ஒரு பங்கு உக்கும்போது போய்விடும். ஏக்கர் கணக்கில் நெல்லும் வெங்காயமும் செய்பவருக்கு இது போதாது. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடை செய்யப்பட்டு, விளைச்சல் வீழ்ந்து, அவ்வாண்டு நவம்பரில் தடை நீக்கப்பட்டதை நாம் மறக்கவில்லை. ஒரே இரவில் மண்ணை மாற்ற முடியாது என்பதை அந்த ஆண்டு காட்டியது. அடுத்த ஆண்டு பசளை விலை பல மடங்காகியபோது வேறொன்றும் தெரிந்தது. வளவில் ஒரு கூட்டெருக் குவியல் வைத்திருந்த வீட்டில் கத்தரியும் கீரையும் அடுப்பேறின. குடும்பத்தின் சட்டிக்கு வேண்டிய மரக்கறியைக் கடன்படாமல் விளைவிக்க இது போதும். அதோடு, யூரியா தராத சேதனப் பொருளையும் மண்ணுக்குத் தருகிறது. மண் நீரைப் பிடித்து வைக்கிறது. கோடையில் இறைப்பு ஒன்று இரண்டு குறையும்.

இந்தக் காணி எங்களுடையதல்லவே!

எமது கூட்டங்களில் பலர் கேட்கும் கேள்வி இது. “இரவல் காணியில் இருக்கிறம். சொந்தக் காணி எப்ப விடுபடும் எண்டு தெரியாது. காணிக்காரர் நாளைக்கு எழும்பச் சொன்னால் எழும்பத்தான் வேணும். மற்றவற்ற மண்ணை நாங்கள் ஏன் வளப்படுத்த வேணும்?” நியாயமான கேள்வி. பலதரம் எழுப்பப்பட்டவர்களின் கேள்வி. இதற்கு வெறும் உபதேசம் பதிலாகாது.

எமது பதில் இதுதான். பாத்தியில் கலந்த எருவைத் திரும்ப எடுக்க முடியாது. ஆனால் ஆறிய கூட்டெருவை நிழலில் உலர்த்தி உரப்பைகளில் கட்டி வைக்கலாம். எழும்ப நேர்ந்தால் பானை சட்டியோடு அதுவும் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறும். காணி உறுதியில்லாதவர்கள் உரப்பையிலேயே பயிரிடலாம். மூன்று பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு கூட்டெரு கலந்து, பையின் அடியில் நீர் வடியத் துளையிட்டு, பைக்கு ஒரு கத்தரி அல்லது இரண்டு மிளகாய் நடுங்கள். செடியோடு பையைத் தூக்கிச் செல்லலாம். சொந்தக் காணி கிடைக்கும் நாளில், பல ஆண்டு பற்றை மூடிக் கிடந்த அந்த மண்ணில் முதல் பாத்திக்கு இடப் பசளை கையில் இருக்கும். வெறுங்கையோடு ஊருக்குத் திரும்பாதிருக்க இதுவும் ஒரு வழி.

சுகாதாரம்

எரு அள்ளும்போது மூக்கையும் வாயையும் துணியால் கட்டுங்கள். காய்ந்த எருவின் தூசி நெஞ்சுக்கு ஆகாது. கையில் புண் இருந்தால் எருவில் கை வைக்க வேண்டாம். வேலை முடிந்ததும் சவர்க்காரமிட்டுக் கைகால் கழுவுங்கள். சிறு பிள்ளைகளைக் குவியலில் விளையாட விடாதீர்கள். புரட்டுமுன் தடியால் தட்டுங்கள். சூட்டுக்குப் பாம்பு வந்து படுத்திருக்கக்கூடும். கோழிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தால் அந்த எருவைத் தொடுமுன் உங்கள் பகுதிக் கால்நடை வைத்தியரிடம் கேளுங்கள்.

எப்போது தொடங்குவது?

மாரிப் பயிருக்குப் புரட்டாதியில் கூட்டெரு கையில் இருக்க வேண்டும். ஆகவே ஆனி மாதத்தில் குவிக்க வேண்டும். பங்குனி வரையில் நடக்கும் நெல் அறுவடையின் வைக்கோலை எரிக்காமல் இதற்காகச் சேர்த்து வையுங்கள். இன்றே செய்யக்கூடியது, கோழிக்கூட்டின் அடியில் ஒரு கடகம் சருகைப் பரப்புவது. நாளைக்கு விழுவது வீணாகாது.

ஐயம் இருந்தால் உங்கள் கமநல சேவை நிலையத்து விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள். அதற்கு முன் உங்கள் வீட்டு மூத்தவர்களிடமும் கேளுங்கள். நாம் கேட்கத் தவறியதை நீங்கள் தவறவிட வேண்டாம்.

சுருக்கமாக

பச்சைக் கோழி எருவைக் கன்றுக்கு இடாதீர்கள்.
எரு 1 கடகம், காய்ந்த பொருள் 3 கடகம்.
கிணற்றிலிருந்து 50 அடிக்கு உள்ளே குவிக்காதீர்கள்.
சாம்பலும் சுண்ணாம்பும் சேர்க்காதீர்கள்.
கிழமைக்கு ஒரு தடவை, 5 தடவை புரட்டுங்கள்.
ஆறு கிழமை ஆற விடுங்கள்.
10 பயறு ஊன்றிப் பார்த்த பின்பே பாத்திக்கு இடுங்கள்.